சோளக் காணியில் முளைத்த மலை

மொன்றியலில் எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு இயற்கை அனர்த்தத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு எரிமலை கிடைத்தது. நிலநடுக்கம் கிடைத்தவளைப் பார்த்துப் பாவமென்று நினைத்தேன். அவளிடம் காட்டுவதற்குப் புகையே இல்லை.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்பா வெங்காயம் செய்த செம்மண், அம்மாவின் சீதனக் காணி, நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே இராணுவ வேலிக்குள் போய்விட்டது. அதை விடப்போகிறார்கள் என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் போதும், எங்கள் கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடி வீட்டில் அன்றைக்குப் பாயசம். விட்டால் திரும்பிப் போவதென்பது அப்பாவின் முடிவு. எனக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. வகுப்பு கைதட்டினால் போதும்.

ஞாயிறு பூசை முடிந்து மாமா வந்திருந்தபோது வீட்டில் ஒத்திகை பார்த்தேன். பிரெஞ்சில் எழுதியதைத் தமிழில் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. மெக்சிகோவில் ஒரு கமக்காரன் தன் சோளக் காணியில் நிற்கிறான். நிலம் வெடிக்கிறது, புகை வருகிறது. மறுநாள் பார்த்தால் அங்கே ஒரு மலை!

"அந்தக் காணி ஆரின்ரை? மனிசியின்ரை சீதனமோ?" என்று கேட்டார் மாமா.

"சும்மா இரடா, பிள்ளை கதைக்கட்டும்," என்று தம்பியை அடக்கிய அம்மாவே, "சீதனமெண்டால் மலையும் மனிசிக்குத்தானே?" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐயோ, எனக்கு வந்த கோபம்! எரிமலையைக் கொண்டுவந்து வைத்தால் இவர்கள் காணி உறுதிப் பத்திரம் பார்க்கிறார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "அந்த மனிசன் பேந்து தன்ரை காணிக்குப் போனவனோ?"

"இல்லையப்பா. எல்லாம் மூடிப்போச்சு. ஊரும் போச்சு," என்றேன் பெருமையாக. பிறகு, கடைசிக்கென்று வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். மலை ஒன்பது வருடம் நெருப்புக் கக்கியது! எனக்கும் அப்போது ஒன்பது வயது. வகுப்பே வாய்பிளக்கும் என்று நான் நம்பியிருந்த இடம் அது.



"ஒன்பது வரியந்தானோ?" என்றார் அப்பா.

அம்மாவும் மாமாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கணக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, ஒன்பது என்றால் எவ்வளவு பெரிதென்று விரல்களை விரித்துக் காட்டினேன்.