கடல் எந்தப் பக்கம்?

போன மாதம் ஒரே சனிக்கிழமையில் மூன்று வலது முழங்கால்கள் என்னைப் பார்க்க வந்தன.

முழங்கால் வருவது எனக்குப் புதிதில்லை. அதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறேன்? வார நாட்களில் செங்கல்பட்டில். சனிக்கிழமை மட்டும் மாமல்லபுரத்தில், ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில். ஆனால் மூன்றும் வலது... மூன்றிலும் மூட்டின் வெளிப்பக்கத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி, ஒரே இடத்தில் வலி. இது எப்படி?

நான் விளையாட்டு மருத்துவன். அறுவை சிகிச்சை செய்ய மாட்டேன், பிளேட் வைக்க மாட்டேன். ஓடுகிறவர்கள், கபடி ஆடுகிறவர்கள், அலையில் பலகையோடு விழுந்தவர்கள் — இவர்களை முதலில் பார்த்து, எங்கே கெட்டிருக்கிறது, மறுபடி எப்போது களத்தில் இறங்கலாம் என்று சொல்கிறவன்.

இதை அச்சரப்பாக்கத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு ஒருமுறை விளக்கிப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. நெல் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கட்டும் போட மாட்ட, கத்தியும் வெக்க மாட்ட. ஓடாத, ஓடாதன்னு சொல்றதுக்கா நைனா இத்தினி வருசம் படிச்ச?" என்றார்.

பதில் தெரிந்த வாசகர்கள் எழுதலாம்.

முழங்கால்களுக்கு வருகிறேன். மூவரில் பேசியது தேவிதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வீடு. தோழிகள் இருவரும் அதே குப்பம். மூவருக்கும் ஒரே ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலை. மூவரும் பாதுகாப்புப் படை வேலைக்குப் பரீட்சை எழுதி, பாஸும் ஆகிவிட்டார்கள். இனி ஓட்டம்தான் பாக்கி. தோழிகளுக்கு வயது இருக்கிறது, தவறினால் இன்னொரு முறை பார்க்கலாம். தேவிக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி.

"ஓடாதன்னு மட்டும் சொல்லிடாத சார். வேற இன்னா வேணா சொல்லு."

நான் வழக்கமாக முதலில் சொல்வதே அதுதான்!

கொஞ்ச நாள் ஓய்வு, இடுப்புக்குச் சில பயிற்சிகள், ஐஸ் ஒத்தடம் என்றேன். ஐஸுக்குக் குப்பத்தில் பஞ்சமா? மீன் பெட்டியில் இருந்தே எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை என் அறை முழுக்க வஞ்சிரம் வாசனை. வலி? ஓடாதவரை இல்லை. ஓடினால் மறுபடி அதே இடம்.

ஷூ தேய்ந்திருக்கிறதோ என்று பார்த்தேன். மாற்றியும் பயனில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா... கடைசிக் கேள்விக்கு அவர்களைவிட நான்தான் அதிகம் கூச்சப்பட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில். நல்ல பதில்கள் வர வர எனக்குக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. ஒருவருக்கு என்றால் உடல்வாகு எனலாம். மூவருக்குமா? தொற்றிக்கொள்ள இது என்ன 'மெட்ராஸ் ஐ' கண்வலியா?

சரி, ஓடுவதையே பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமையே வந்து தங்கி, விடியும் நேரத்தில் அவர்கள் குப்பத்துக்குப் போனேன்.

மூன்று பேரும் டிராக் பேண்ட், மேலே சுடிதார் டாப், துப்பட்டாவைக் குறுக்கே முடிச்சுப் போட்டிருந்தார்கள். கிளம்பிவிட்டார்கள். நானும் கூடவே ஓடினேன். படித்த காலத்தில் படித்ததோடு சரி, ஓடியதில்லை. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கூடவே இன்னொன்று — என் வலது கால் ஒவ்வொரு அடிக்கும் பள்ளத்தில் இறங்குவது போல இருந்தது.

குனிந்து பார்த்தேன். கரை கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. மேலே போனால் கால் புதைகிற மணல். தண்ணீரை ஒட்டித்தான் மணல் இறுகியிருக்கும். அங்கேதான் ஓட முடியும், அங்கேதான் சரிவும். வடக்கே ஓடுகிறோம். கடல் வலது பக்கம். வலது கால் எப்போதும் தாழ்வில்!

இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை ஒரு பட்டை இறங்குகிறது. தாழ்வில் இருக்கிற காலில் அது இழுபட்டு இழுபட்டு மூட்டில் உரசும். அவ்வளவுதான் விஷயம்.

"திரும்பி வரும்போது?" என்று கேட்டேன்.

"பஸ்ல வந்துருவோம்."

ஓட்டம்தான் இவர்களுக்குக் காலை பஸ். குப்பத்தில் இருந்து ஓடியே மாமல்லபுரம், அங்கே உடை மாற்றிக்கொண்டு வேலை, சாயங்காலம் பெண்களுக்கான இலவச பஸ்ஸில் வீடு. கடல் இவர்களுக்கு இடது பக்கம் வந்ததே இல்லை. இத்தனை கேள்வி கேட்ட நான், எந்தத் திசையில் ஓடுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

எனக்கு ஒரே உற்சாகம். "ரொம்ப சிம்பிள். பாதி தூரம் ஓடுங்க, அங்கேயே திரும்பி வீட்டுக்கு ஓடி வாங்க. பஸ் பிடிச்சு வேலைக்குப் போங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

தேவிதான் விளக்கினார். கிளம்பும்போது கரை காலி. திரும்புகிற நேரத்தில் படகுகள் வந்துவிடும். ஏலம் நடக்கும். சித்தப்பா, மாமன் முறை, பெண் கேட்டு வந்த வீட்டார் என்று மொத்தக் குப்பமும் கரையில் நிற்கும்.

"போறப்போ யார்னா பாத்தாலும், நேரமாச்சுன்னு வேலைக்கு ஓடுதுங்கன்னு நெனச்சிப்பாங்க சார். திரும்பி வந்தா... ஓடத்தான் ஓட்றோம்னு தெரிஞ்சிடும்."

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. பாடப் புத்தகத்தில் முழங்காலுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது, சித்தப்பாவுக்கு இல்லை. ரோட்டில் ஓடலாமே என்றால், அந்த நேரத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கிற பறப்பில் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லவே கூடாது. ஓடுவதையே நிறுத்தச் சொன்னால் கால் பிழைக்கும், வேலை போய்விடும். திரும்பி ஓடு என்று வற்புறுத்தவும் மனம் வரவில்லை. நான் சொல்லிவிட்டு கூடுவாஞ்சேரியில் இருக்கும் என் வீட்டுக்குப் போய்விடுவேன். கரையில் அவர்கள்தானே இருக்க வேண்டும்?

"யோசிங்க" என்று மட்டும் சொன்னேன். இத்தனை வருடம் படித்து நான் கொடுத்த ஆலோசனை அது.

போன புதன்கிழமை காலை தேவியிடம் இருந்து போன். இன்னும் மூச்சு அடங்கவில்லை.

தோழிகள் வழக்கம்போல வேலைக்கு ஓடிவிட, அவர் மட்டும் பாதியில் திரும்பியிருக்கிறார். வலை, கூடை, கூட்டம். எல்லாத் தலையும் திரும்பியிருக்கிறது. ஏலம் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, "இன்னாடி, எதுனா மறந்து வெச்சிட்டு வந்துட்டியா?" என்றாராம்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு முடிந்திருக்கும். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"இல்ல சித்தப்பா, ஓட்றேன். நாளைக்கும் வருவேன்னேன் சார்."

யாரோ சிரித்தார்கள். வயதான பெண் ஒருவர், துப்பட்டாவை இறுக்கிக் கட்டச் சொன்னார். படகைக் கரையோடு கட்டியிருந்த கயிறு தேவி போகிற வழியில் இடுப்பு உயரத்துக்கு நின்றிருக்கிறது. சித்தப்பா அதைக் காலால் மிதித்து மணலோடு அழுத்திப் பிடித்தபடியே ஏலத்தைத் தொடர்ந்தாராம். தேவி தாண்டிப் போயிருக்கிறார்.

ஓட்டத் தேர்வு இன்னும் வரவில்லை. அதற்குள் மூட்டு சரியாகுமா, தேவி தேறுவாரா... எனக்குத் தெரியாது. ஆனாலும் டாக்டர் அல்லவா, கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "முட்டி எப்படி இருக்கு?"

"ஐயோ, அத்த கவனிக்கவே இல்லியே சார். நாளைக்கு ஓடிட்டுச் சொல்றேன்."