டப்பாச் செடியும் புளியமரமும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி போனவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. பரீட்சைப் பயம் வரும்போது, கல்வராயன் மலையிலிருந்து கொண்டுவந்து எண்ணெய் டப்பாக்களில் வைத்திருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். மனம் அடங்கும். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் போகையில் சாலையோரப் புளியமரங்கள் அதே ஆறுதலைத் தந்தன.

எங்கள் சாதிக்கு இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டத்தில் என் அண்ணனும் கோடரியோடு போய் அம்மரங்களை வெட்டிச் சாலையை மறித்தான். பஸ் ஓடவில்லை. என் கடைசிப் பரீட்சை போயிற்று.

"உனுக்கு வேலை கெடைக்கணும்னுதான் பாப்பா வெட்டினோம்," என்றான்.

"பரீட்சையே எழுதாதவளுக்கு இன்னா வேலைண்ணா?"

"அடுத்த வாட்டி எழுதிக்கோ. மரம் போனா இன்னா, உன் டப்பாச் செடிதான் கீதே."

அவன் தூக்கிவந்த புளியங்கிளையில்தான் பிறகு எங்கள் சோறு வெந்தது. நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மனம் அடங்கவில்லை.