நான் எழுதாமல் விட்ட பெயர்

எங்கள் பள்ளிக்கு மாதம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து ஒரு மனநல ஆலோசகர் வருவார். காலையில் முதல் பஸ்ஸில் மலையேறி, இரண்டு மணி பஸ்ஸில் இறங்கிவிடுவார். அதற்குள் எட்டுப் பிள்ளைகளோடுதான் பேச முடியும். யாரை அனுப்புவது என்று பெயர் எழுதிக் கொடுப்பது என் வேலை. சண்டை போடுகிறவர்கள், வகுப்பில் அழுகிறவர்கள், மட்டம் போடுகிறவர்கள் என்று என் கண்ணில் பட்டவர்களை எழுதினேன்.

பதினோராம் வகுப்பில் ஒரு பெண். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பூம்பாறைப் பக்கம் குடியேறிய குடும்பம். அம்மா பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகிறவர். நன்றாகப் படிப்பாள், அதிர்ந்து பேசமாட்டாள். ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், அந்த மேடத்த நானும் பாக்கலாமா?"

"ஒனக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தானே படிக்கிற?"

"சும்மாதான் கேட்டேன் டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. எட்டுப் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

அடுத்த மாதம் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஆலோசகர் வரவில்லை. அதன்பின் அந்தப் பெண்ணும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பத்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் மந்திரித்த கயிறு.

"பிள்ளைக்கு வருத்தம் ஒண்ணுமில்லைங்க டீச்சர். திங்க மாட்டேங்குறா, பேச மாட்டேங்குறா, அவ்வளவுதான்" என்றார் அம்மா. அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். அது எனக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆனது.

அங்கிருந்தே ஆலோசகருக்குப் போன் செய்தேன். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன்" என்றார். மறுநாள் வெள்ளனே மூன்று பேரும் பஸ் ஏறினோம். வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தார், கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

மருந்தும் ஆலோசனையுமாக மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கினாள். பள்ளிக்கு மட்டும் திரும்பவில்லை. அம்மாவோடு பூண்டுக் காட்டுக்குப் போகிறாள்.

இப்போது நான் பெயர் எழுதுவதில்லை. பேச விரும்புகிற யாரும் நேரே போகலாம் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிட்டேன். கூட்டம் நிற்கிறது. ஆனால் ஆலோசகர் ஒருவர்தான், வருவதும் மாதம் ஒருநாள்தான். பாதிப் பேர் பேசாமலே வகுப்புக்குத் திரும்புகிறார்கள்.

போன மாதம் பூம்பாறையில் அவளைப் பார்த்தேன்.

"பரீட்ச எழுதுறியாம்மா? நான் சொல்லித் தர்றேன்."

"எதப் படிச்சாலும் தலையில நிக்க மாட்டேங்குது டீச்சர். பாப்போம்."

அம்மா கூப்பிட்டார். மண் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.