எல்லாருக்கும் பனிதான்

கற்பூரவள்ளி இலையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது, கசந்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கசந்ததைக் குடித்து நானே கண்டுகொண்டது. பச்சை இஞ்சியையும், கொடியிலிருந்து அப்போதே பறித்த பச்சை மிளகையும் நசுக்கிப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பானையை இறக்கிய பிறகு துளசியையும் கற்பூரவள்ளியையும் கையால் கிள்ளிப் போட்டு மூடி வைக்க வேண்டும். கடைசியில்தான் கருப்பட்டி. போடிமெட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் என்னுடைய இந்தக் கசாயத்துக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேர் வந்த கதை இது.

எழுபத்தஞ்சோ எழுபத்தாறோ, கார்த்திகை மாதம். நாங்கள் தேவாரம் பக்கத்துப் பெண்கள், காட்டு வேலை தவிர வேறு பார்த்ததில்லை. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க ஆள் வேண்டும் என்று ஜீப்பு டிரைவர் வந்து கேட்டபோது, வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவள் நான்தான். முதல் நாள் வேலை பிடித்துப்போனால் தை கடைசி வரை சோலி எங்களுக்கே. பிடிக்காவிட்டால் வேறு செட்டைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். "உன்னய நம்பித்தான் வர்றோம் ஆத்தா" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லோரும் ஜீப்பில் ஏறினார்கள்.

மலை ஏற ஏற ஒரே பனி. ரோடு தெரியாமல் ஜீப்பு ஊர்ந்து போனது. நேரம் கழித்துப் போய் இறங்கினோம். டிரைவர் எங்களை விட்டுவிட்டு அடுத்த லோடு எடுக்கத் திரும்பிவிட்டார். தோட்டத்து வாசலில் மலையாளத்துச் சூப்பர்வைசர் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்.

"எந்தா இத்தர லேட்டு?"

"பனிண்ணே" என்றேன்.

ஓரடி பின்னால் போனார். "பனியோ? ஆர்க்கு?"

"ஆருக்குன்னா என்னண்ணே கேள்வி? எல்லாருக்கும் பனிதான்."

மப்ளரை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டார். "பனியும் கொண்டு தோட்டத்தில் கேறண்டா. பனி போயிட்டு வந்தால் மதி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அன்றைக்கு எங்களில் ஒருத்திக்கும் அது தெரியாது. பனி விலகிய பிறகு வேலைக்கு வந்தால் போதும் என்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

"எக்கா, இப்படியும் ஒரு மனுசனா? பனியில நனைஞ்சுருவோம்னு பாக்குறாரே" என்று என் ஓரகத்தி உருகிப் போனாள்.

"ஒம் புருசனே இப்படிப் பாக்க மாட்டானே" என்றாள் பின்னால் நின்றவள்.

சும்மா உட்கார்ந்தால் குளிர் கடிக்கும். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தேன். வழிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் துளசி நின்றது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வேலியில் கற்பூரவள்ளி. மரத்தில் ஏறிக் கிடந்த மிளகுக்கொடியில் ஒரே ஒரு சரம், லயத்துக்காரியிடம் கேட்டுத்தான் பறித்தேன். பானையும் அவள் கொடுத்ததுதான். இஞ்சியும் கருப்பட்டியும் என் மடியில் இருந்தன. தூக்குவாளி மூடியில் ஊற்றிக் கை மாற்றிக் கை மாற்றிக் குடித்தோம். தொண்டை இளகி, காது மடல் வரை சூடு ஏறி, எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது. நாங்கள் சிரித்த சத்தத்திலேயே பனி விலகிய மாதிரி வெயில் விழுந்தது. பானையையும் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றோம்.

"பனி போயோ?" என்றார் சூப்பர்வைசர், எட்டத்தில் நின்றே.

"சுத்தமாப் போச்சுண்ணே."

"எல்லார்க்கும்?"

"எல்லாருக்குந்தான்."

அவர் முகம் இறுகியது. "இத்தர வேகம் பனி போகுமோ? கள்ளம் பறயண்டா. நாளைக்கு வேற செட்டு வரும்."

கள்ளம் என்றதும் வேற செட்டு என்றதும் எனக்கு நன்றாகப் புரிந்தது. நம்பி வந்தவர்கள் எல்லாம் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"நாங்க பொய் சொல்லலண்ணே. இந்தக் கசாயத்தக் குடிச்சுக்கிட்டு அந்த மரத்தடியிலதான் இருந்தோம். குடிச்சு முடிக்கவும் பனி போச்சு."

அவர் பானை மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "பனிக்கூர்க்க!" என்றார். கற்பூரவள்ளிக்கு அவர்கள் ஊரில் அதுதான் பேராம். உள்ளே போய் டம்ளர் எடுத்து வந்து வாங்கிக் குடித்தார், இன்னொன்றும் கேட்டார். மப்ளர் தன்னால் கழுத்துக்கு இறங்கியது.

அதற்குள் மூட்டை லோடோடு ஜீப்பு வந்துவிட்டது. ஒரு செட்டுக்கே காய்ச்சலைப் போக்கிய மருந்து இது என்று அவர் டிரைவரிடம் பானையைக் காட்டினார். ரெண்டு பாஷையும் தெரிந்த டிரைவர் ஒரு நொடி முழித்தார். பிறகு மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், நிற்கவே முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் எங்கள் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் சொன்னேன்: "என் கசாயம் காய்ச்சலப் போக்கும்னு நான் சொல்லலண்ணே. குளிர் போகும், அவ்வளவுதான். காய்ச்சக்காரியா கூலிக்காரியான்னு கூடையக் குடுத்துப் பாருங்க."

அப்போதுதான் அவர் உதடும் சிரிப்பில் கோணியது. கூடைகள் வந்தன. வெயில் சாயும்போது எங்கள் கூடைகளைக் கொட்டிய இடத்தில் பச்சையாகக் குவிந்து கிடந்த காயைச் சுற்றி வந்து பார்த்தவர், "நாளைக்கும் வரணும், கசாயமும் கொண்டா" என்றார், எங்கள் பேச்சிலேயே.

அந்த வருசம் மட்டுமில்லை, எண்பதுகள் வரை அந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு எங்கள் செட்டுக்குத்தான். காலையில் நாங்கள் ஜீப்பிலிருந்து இறங்கினால் டம்ளரோடு நிற்பார். "பனி உண்டோ?" என்பார். "எந்தப் பனிண்ணே?" என்று மொத்தச் செட்டும் கேட்கும். கசாயத்துக்குப் பனிக்கசாயம் என்றே பேராகிவிட்டது. புதிதாக வந்தவர்கள், அது குளிருக்கா காய்ச்சலுக்கா என்று என்னிடம் கேட்பார்கள்.

"மொதல்ல குடி" என்பேன்.