ராணியின் முப்பது கிலோ

லாரி எடை மேடையின் சிவப்பு எண்களை அப்போது நான் அப்படி நம்பினேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலை. வாசலை ஒட்டிய அறையில் உட்கார்ந்து, பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. டிரைவர் எவ்வளவு கத்தினாலும் நான் எண்ணைக் காட்டுவேன், ஆள் அடங்கிவிடுவார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

காவலுக்கு ராணி என்றொரு டாபர்மேன் இருந்தாள். அவளுக்கு முன்பிருந்த நாய் கேன்டீன் புரோட்டா தின்று உருண்டுபோய், கேட் வரை ஓடவே மூச்சு வாங்கியதாம். அதனால் ராணிக்கு அளந்துதான் சோறு, சனிக்கிழமைதோறும் எடை என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லாரி இல்லாத நேரம் பார்த்து அவளை மேடையில் நிறுத்துவேன். முப்பது கிலோ. அடுத்த வாரமும் முப்பது.

அவளுக்குச் சோறு வைப்பவர் கேன்டீன் அக்கா. ஒரு நாள் என் ஜன்னலில் வந்து நின்றார்.

“சார், ராணி இளைச்சிக்கினே போவுது. தடவுனா முதுவெலும்பு குத்துது.”

“டாபர்மேன் ஒல்லியாத்தான் இருக்கணும் அக்கா. புரோட்டா போட வழி பாக்குறீங்களா?”

“அந்த மிஷினு லாரிக்கு சார். நாயப் பத்தி அதுக்கு இன்னா தெரியும்?”

சிரித்துவிட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை முறை வந்திருப்பார்! ஒருமுறைகூட நான் நாற்காலியை விட்டு எழுந்து நாயைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு காலை ராணி கேட்டருகே சுருண்டு விழுந்தாள். அக்காவும் நானும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். கால்நடை மருத்துவரின் சின்னத் தராசில் இருபத்தைந்தரை கிலோ. முன்பு தடுப்பூசிக்கு வந்தபோது முப்பத்து நான்கு என்று அவளுடைய அட்டையில் எழுதியிருந்தது. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். முப்பத்து நான்கும் அதற்கு முப்பதுதான், இருபத்தைந்தரையும் முப்பதுதான். லாரிக்கு அது போதும். அது எனக்குத் தெரியாததா என்ன? தினமும் அதோடு குடித்தனம் நடத்தியவன் நான்.

“இந்த நாய்க்கு விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. ஹார்ட் பலவீனமானா சதை இப்படித்தான் கரையும். முன்னாடியே கூட்டி வந்திருந்தா, மாத்திரையில கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம்” என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் ராணி போய்விட்டாள்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. காம்பவுண்டுச் சுவரோரம் குழியை மூடியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “நான் இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கணும் சார். என் தப்பு.”

“நீங்க சொன்னீங்கக்கா, நான்தான் கேக்கல” என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் எடை அறைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது காக்களூரில் வேறு வேலை. வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை அதன் விலாவைத் தடவிப் பார்க்கிறேன், மனைவி கேலி செய்கிறாள். அக்கா எங்கே இருக்கிறாரோ தெரியாது. எங்கிருந்தாலும், ராணி செத்தது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.