மூன்றாம் வளைவில் என் பெயர்

காலை இடைவேளைக்குக் கோப்பி எடுக்கப் போன எனக்கு, தொழிற்சாலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் பெயர் தெரிந்தது. கட்டம் போட்டு, கணினியில் அடித்து ஒட்டியிருந்தார்கள். 'சனிக்கிழமை, பத்து முதல் நான்கு வரை, மூன்றாம் வளைவு, கொடி: சிவா.' எனக்குக் கீழே உருளைக்கிழங்கு சலாட் கொண்டுவருபவரின் பெயர். அதற்கும் கீழே கடுகு கொண்டுவருபவரின் பெயர். ஒரு கடுகுப் போத்தலுக்குக்கூடப் பொறுப்பாளர் நியமிக்கிற நாடு இந்த ஜெர்மனி. இந்தப் பட்டியலில் நான் எப்படி வந்தேன் என்று அரைக் கோப்பை முடியும்வரை யோசித்தேன். நினைவு வந்ததும் மீதிக் கோப்பியைத் தொட்டியில் ஊற்றினேன்.

டீட்டர் எனக்குப் பக்கத்து இயந்திரத்தில் பலகை அறுப்பவன். பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு கிராமத்தில் அவனுக்கு ஸ்டொக்கார் சங்கம் இருக்கிறது. ஆவணி கடைசியில், கோதுமை வெட்டிய வயலை முட்டை வடிவில் உழுது தண்ணீர் தெளிப்பார்கள். பழைய கார்களின் கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய் ஒட்டி, அந்தச் சேற்றில் சுற்றிச் சுற்றி ஓடி ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதுதான். சாதாரண நாளில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கீறல் விழுந்தால் பொலிஸைக் கூப்பிடுகிற அதே சனம்! வாகனப் பரிசோதனையில் தேறாத என் பழைய ஓப்பல் காரை டீட்டர் கேட்டான், கொடுத்தேன். கொடுத்த கையோடு, "வளைவில் கொடி பிடிக்க வருவாயா?" என்றும் கேட்டான். "யா, யா, நட்யூர்லிஷ்," என்றேன். ஓம், ஓம், கட்டாயம் என்று அர்த்தம்.

வருவதற்காகச் சொல்லவில்லை. அவன் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? எங்கள் தமிழ்ச் சனத்துக்குள் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்டவர் மனம் கோணாமல் ஓம் என்பது, அந்த நாளில் காணாமல் போவது, பிறகு சந்திக்கும்போது காய்ச்சல் என்பது. கேட்டவரும் அதை நம்புவதுபோல் தலையாட்டுவார். இவர்களோ அந்த ஒரு சொல்லைப் பிடித்துக் கட்டத்துக்குள் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுகிறார்கள்.

அதே சனிக்கிழமைதான் டுசல்டோர்ஃபில் என் தங்கச்சி மகள் பெரியபிள்ளையானதற்கான சாமத்திய வீடு. அந்த ஒரு நாளுக்குத்தான் மண்டபம் கிடைத்தது. நான் தாய்மாமன். தேங்காய் உடைத்து, பாலறுகு வைத்து, பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவன். வீட்டுக்கு வந்து மனைவி ராஜியிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆரப்பா உங்களை ஓம் எண்டு சொல்லச் சொன்னது? கார் இடிக்கிற விசர்க் கூத்துக்குக் கொடி பிடிக்கப் போறியளோ? தங்கச்சிக்கு என்ன சொல்லப் போறியள்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

"யோசிக்க ஏலாது. மாமன் இல்லாமல் ஒருக்கா நடந்தது காணும்."

அது என்னைச் சுட்டது. தொண்ணூறுகளில், போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் தங்கச்சிக்குச் சாமத்திய வீடு நடந்தது. கொழும்பிலிருந்த மாமா கட்டாயம் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். கிளாலிக் கடலால் படகில் வருபவரை ஏற்றி வர நான் பக்கத்து வீட்டுக்காரரோடு அவருடைய பழைய கேம்பிரிட்ஜ் காரில் போனேன். பெற்றோல் இல்லாத ஊர். சொட்டுப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். பிரசவத்துக்கும் பிணத்துக்கும் கலியாணத்துக்கும் அந்த ஒரு கார்தான், அதன் ஒரு ஆணி விழுந்தாலும் தெருவில் குனிந்து தேடுவோம். ஒரு பகலும் ஒரு இரவும் காத்திருந்தோம். படகுகள் வரவில்லை. தண்ணீர் வார்க்கும்போது தங்கச்சி படலையைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக அம்மா சொன்னார். போன மாதம் தொலைபேசியில், "எனக்குத்தான் மாமா வரேல்லை. என்ர பிள்ளைக்கு நீ நிக்கோணும் அண்ணா," என்றாள். அவளுக்கும் ஓம் என்றுதான் சொன்னேன். அது உண்மையான ஓம்.

வியாழன் மாலை டீட்டரின் கொட்டகைக்குப் போனேன். சாட்டுக்கு ஊரில் ஒரு பெரியம்மாவைச் சாகடிப்பதாக உத்தேசம். பாவம், அவர் பத்து வருடத்துக்கு முன்பே போய்விட்டவர், கோபிக்கமாட்டார். ஆனால் என் ஓப்பல் அங்கே ஆரஞ்சு நிறத்தில் நின்றது. கதவில் முப்பத்தொன்று என்ற எண், அதன் கீழே பெரிய எழுத்தில் என் பெயர். உள்ளே இருக்கைகூட இல்லை. கார் வாங்கிய முதல் நாள் நான் வைத்த சந்தனப் பொட்டு மட்டும் முன்பலகையில் அப்படியே இருந்தது. "அதைத் துடைக்கலாமா என்று உன்னிடம் கேட்க வேண்டுமென்று விட்டுவைத்தேன்," என்றான் டீட்டர். பெரியம்மா தொண்டையிலேயே நின்றுவிட்டார். தங்கச்சி, மண்டபம், மாமன் எல்லாவற்றையும் என் உடைந்த ஜெர்மனில் கொட்டினேன்.

"அன்றைக்கே தெரியாதா?"

"நாள் தெரியாது. ஆனால் அன்றைக்கே வருகிற எண்ணமும் இல்லை."

"பிறகு ஏன் யா என்றாய்?"

"உனக்கு மனவருத்தமாக இருக்கும் என்று."

"நான்கு வளைவுக்கு நான்கு ஆள். ஒரு ஆள் குறைந்தால் ஓட்டமே இல்லை. நீ வராமல் விட்டிருந்தால், அன்றைக்கு அங்கே நிற்கும்போதுதான் எனக்கு மனவருத்தம் வந்திருக்கும்," என்றான். வெட்கமாகப் போய்விட்டது. பட்டியலின் தன் பிரதியை எடுத்து, அடிமட்டம் வைத்து என் பெயரை வெட்டினான். கடுகுக்காரியை மூன்றாம் வளைவுக்கு மாற்றினான். கடுகை அவனே கொண்டுவருவானாம்.

"ஞாயிறு?" என்று கேட்டான்.

"யா," என்றேன்.

பேனா தாளுக்கு மேலே நின்றது. "இது எங்களுடைய யாவா, உங்களுடைய யாவா?"

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் வரி கட்டி, பனி வழித்து, இவர்களோடு பலகை அறுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? ஆனால் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "உங்களுடையது," என்றேன். எழுதிக்கொண்டான்.

இன்று வெள்ளி. சனிக்கிழமையை என் ஓப்பல் தாண்டினால், ஞாயிறு அது என் பெயரோடு என் வளைவைச் சுற்றி வரும். யாராவது அதை இடித்துக் கவிழ்த்தால் நான்தான் மஞ்சள் கொடி காட்ட வேண்டும். டுசல்டோர்ஃபில் தங்கி அங்கிருந்து நேரே வயலுக்குப் போவதால் ஒரே பைதான். ராஜி என் பட்டு வேட்டியையும் சங்கம் கொடுத்த ஆரஞ்சு மேலங்கியையும் மடித்து அதற்குள் வைத்தாள். மேலே எது, கீழே எது என்று இரண்டு முறை மாற்றி வைத்தாள்.