விரிசலில் ஒட்டிய காகிதம்

அப்போது பீகாரிலிருந்த தன்பாத் ஜில்லாவின் சரித்திரத்தை என் மகன் ஒரு தடித்த புத்தகத்தில் படித்திருக்கிறான். எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். இங்கே ஹாரிஸ் பார்க்கில் எங்கள் ஃப்ளாட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் அந்தச் சரித்திரத்தை ஒப்பிப்பான். முதலில் காடு, பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி, பிறகு ரயில், ஊரெல்லாம் நிலக்கரிச் சுரங்கம், கடைசியில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான். சுரங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவரோடு பதினெட்டு வருஷம் அங்கே குடித்தனம் நடத்திய நான், பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருப்பேன். என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. இதையும் எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். அந்த ஜில்லாவின் சரித்திரம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. அதைப் படிக்க இரண்டாம் வகுப்பே அதிகம்.

பூமிக்கு அடியில் கரி வெட்டும்போது, மேலே இருப்பது விழாமலிருக்கக் கரியிலேயே தூண் விட்டு வெட்டுவார்கள். பேராசை பிடித்த முதலாளிகள் போகிற போக்கில் அந்தத் தூண்களையும் வெட்டிக்கொண்டு போனார்கள். காலி இடத்தில் மணல் நிரப்பவேண்டும். நிரப்பாமலே, நிரப்பியாயிற்று என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். மேலே நாங்கள் குடியிருந்தோம். சுவரில் விரிசல் கண்டால் சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் குறுக்கே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுவோம். காகிதம் கிழிந்தால் பூமி நகர்கிறது, மூட்டையைக் கட்டவேண்டியதுதான். எங்கள் வரிசையில் எல்லாப் பெண்களும் செய்தது இது. புத்தகத்தில் இல்லையாம்.

மருமகளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, நார்த்மீடில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, குழந்தை பிறப்பதற்குள் வாங்கியே தீருவேன் என்று நின்றான் மகன். நானும் கூடப் போனேன். தொட்டில் போடப்போகிற பின்னறையில், ஜன்னல் ஓரமாக விரல் நுழைகிற விரிசல். கையோடு கொண்டுபோன டிபன் டப்பாவைத் திறந்தேன்.

"அம்மா, இது அடுத்தவன் வீடு. மானத்த வாங்காத."

"ஒட்டினா என்னடா? சுவரத் தின்னுடவா போறேன்?"

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். காகிதம் நடுவில் கிழிந்திருந்தது. வீட்டைப் பார்த்துச் சொல்வதற்காக மகன் அழைத்துவந்திருந்த யாழ்ப்பாணத்து இஞ்சினியர் குனிந்து பார்த்தார்.

"ஓம் அன்ரி, கிழிஞ்சுதான் கிடக்கு. ஆனா இது களிமண். வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு ஊதும். பயப்பிடாதேங்கோ."

"எங்க சுரங்கத்து இஞ்சினியரும் மழையாலதான்னு சொன்னார், தம்பி."

"இங்க கீழ சுரங்கமே கிடையாதும்மா," என்றான் மகன்.

"நீ எறங்கிப் பாத்தியா? அந்த ஏஜெண்டக் கேளு."

தலையில் அடித்துக்கொண்டு போய்க் கேட்டான். ஏஜெண்ட் சிரித்தான். கீழே வெறும் மண்தான் என்றானாம்.

எனக்கு வெறுத்துப்போயிற்று. சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் சரித்திரம் சொல்கிறவன், இதை மட்டும் காதில் வாங்கமாட்டேன் என்கிறான். காரில் ஏறியதும், இத்தனை நாள் சொல்லாமலிருந்ததைச் சொன்னேன். அங்கே ஒரு நாள் காலையில் காகிதம் கிழிந்திருந்தது. இஞ்சினியர் மழை என்றார். இவன் அப்பா, ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன் என்று போய்விட்டார். நான் காத்திருக்கவில்லை. தூளியில் தூங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் தூளி கட்டியிருந்த அறை தரையோடு உள்ளே இறங்கிவிட்டது.

"எந்தப் பிள்ளைய?" என்றான் மகன்.

"எனக்கு எத்தனை பிள்ளைடா?"

திங்கட்கிழமை மகன் ஏஜெண்டுக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பேத்தி ஃப்ளாட்டுக்குத்தான் வந்தாள். மருமகள் இரண்டு மாதம் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. களிமண்தானோ என்னவோ, அந்த வீடு இன்னும் அசையாமல் நிற்கிறது. பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மருமகள் என் தோளைத் தட்டிக் காட்டுவாள். நான் திரும்பமாட்டேன்.